ரேஞ்ச் ரோவர் பி38ஏ: காற்று கசிவது ஓரிடம், பழுது தெரிவது வேறிடம்

மாலையில் நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் சக்கர வளைவுகள் டயரை நெருங்கும் அளவுக்குத் தாழ்ந்து கிடப்பது ஒரு பழுது. ஓடிக்கொண்டிருக்கும்போது 'இஏஎஸ் ஃபால்ட்' (மின்னணு ஏர் சஸ்பென்ஷனில் பழுது) என்ற எச்சரிக்கை திரையில் எழுவது இன்னொரு பழுது. இப்படித்தான் பெரும்பாலான உரிமையாளர்கள் எண்ணுகிறார்கள். கம்பிச்சுருளுக்குப் பதிலாகக் காற்றுப்பைகள் தாங்கும் பழைய ஏர் சஸ்பென்ஷன் வண்டிகளில் இவை இரண்டும் அநேகமாக ஒரே பழுதின் முன்பாதியும் பின்பாதியும்தான். மாதக்கணக்கில் யாரும் பொருட்படுத்தாத ஒரு சிறு கசிவு, காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸரைத் தேவைக்கு மேல் ஓடவைக்கிறது. ஓடி ஓடித் தேய்ந்த கம்ப்ரஸரால் வண்டியை உரிய நேரத்துக்குள் உயர்த்த முடிவதில்லை. அந்தத் தாமதத்தைக் கட்டுப்பாட்டுக் கணினி பழுது என்று பதிவுசெய்து அமைப்பையே முடக்கிவிடுகிறது. கடைசியாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு புதுக் கம்ப்ரஸர் வாங்கிப் பொருத்துகிறவர், பழைய கசிவுக்கு ஒரு புதிய கம்ப்ரஸரைப் பலியிடுகிறார்.

இதை விளக்க இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவரைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் பி38ஏ என்ற உள்பெயருடன் உருவாகி, 1994 செப்டம்பரில் அறிமுகமாகி, 2001-02 காலகட்டத்தில் அடுத்த தலைமுறைக்கு இடம்விட்ட வண்டி இது. கார்களில் காற்று ஸ்பிரிங் அப்போதே பழைய செய்திதான். 1957ஆம் ஆண்டின் கேடிலாக் எல்டொராடோ புரோம் காரிலும், 1960களின் மெர்சிடிஸ் சொகுசு வண்டிகளிலும் அது இருந்தது. ரேஞ்ச் ரோவரிலேயே 1992இல் கிளாசிக் எனப்படும் முதல் தலைமுறையின் எல்எஸ்இ வகையில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய ஏர் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. பி38ஏ அதைத் தன் அடிப்படை அமைப்பாகவே எடுத்துக்கொண்டது. இன்று இந்த வண்டிகளில் மிக இளையதற்கும் இருபது வயதைக் கடந்துவிட்டது. ஆகவே ரப்பர், இணைப்புகளில் காற்றை அடைக்கும் ஓ-ரிங் வளையம், பிளாஸ்டிக் குழாய், மின்தொடர்பு என இதில் மூப்படையக்கூடிய எல்லாமே மூப்படைந்துவிட்டன.

அமைப்பின் உறுப்புகள் அதிகமில்லை. நான்கு சக்கரங்களுக்கும் கம்பிச்சுருளுக்குப் பதிலாக நான்கு காற்றுப்பைகள் உள்ளன. இன்ஜின் அறையில் உள்ள ஒரு பெட்டிக்குள் மின்சாரக் கம்ப்ரஸர், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தி, காற்றை ஒவ்வொரு பைக்கும் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக் ஆகியவை இருக்கின்றன. வண்டியின் அடியில் ஒரு சேமிப்பு டேங்க் இருக்கிறது. டேங்கின் அழுத்தம் ஏறக்குறைய 10 பாரை (வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் பத்து மடங்கை) எட்டும்போது அழுத்தச் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்துகிறது. 8 பாருக்குக் கீழே இறங்கினால் மறுபடியும் இயக்குகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உயரத்தை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. அவை சொல்வதைப் படித்து வால்வுகளைத் திறந்து மூடும் கணினி இடப்பக்க முன்னிருக்கையின் அடியில் இருக்கிறது. வால்வு பிளாக்கில் மின்சாரத்தால் வால்வுகளை இயக்கும் ஏழு சோலினாய்டுகள்: மூலைக்கு ஒன்றாக நான்கு, உள்ளே விட ஒன்று, வெளியே விட ஒன்று, வெளியேற்றப் பாதையில் உள்ள டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) வால்வை இயக்க ஒன்று. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் சிறிது நேரம் ஓடினால் வண்டி தானே 25 மில்லிமீட்டர் தாழ்கிறது. ஏறி இறங்க வசதியாக 60 மில்லிமீட்டருக்கும் மேல் தாழ்த்தலாம். கரடுமுரடான பாதையில் 40 மில்லிமீட்டர் உயர்த்தலாம். இத்தனை அசைவுக்கும் காற்று போகவும் வரவும் உள்ள வழி அந்த ஒரே வால்வு பிளாக்தான். அதனால்தான் ஓரிடத்துக் குறை இன்னோரிடத்தில் போய்த் தெரிகிறது.

பழுதைத் தேடப் புகுமுன் இந்த வண்டியின் ஒரு வினோதப் பழக்கத்தை அறிந்துகொள்ள வேண்டும். இது தெரியாததால் வீணான பணம் கொஞ்சநஞ்சமல்ல. சாவியை எடுத்துவிட்டு வீட்டுக்குள் போன பிறகும் கணினி முழுவதுமாக உறங்குவதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு டைமர் அதை எழுப்புகிறது. விழித்த கணினி நான்கு சென்சார்களையும் பார்த்து, ஏதேனும் ஒரு மூலை தாழ்ந்திருந்தால் மற்ற மூன்று மூலைகளிலும் காற்றை விட்டு வண்டியைச் சமமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. இன்ஜின் ஓடாதபோது கம்ப்ரஸர் இயங்காது என்பதால், தாழ்ந்ததை உயர்த்துவதைவிட உயர்ந்ததைத் தாழ்த்துவதே அதற்கு இயலும். விளைவு என்னவென்றால், ஒரே ஒரு பையில் உள்ள கசிவு காலையில் நான்கு பைகளும் கசிவதுபோலக் காட்சியளிக்கிறது. நான்கு பைகளையும் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகும் வண்டி தாழ்வதைக் கண்டு திகைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

எனவே முதல் வேலை, கணினியின் கையைக் கட்டுவதுதான். கணினி இருக்கும் அதே முன்னிருக்கையின் அடியில் உள்ள டைமர் ரிலேயைக் கழற்றிவிட்டால் இரவில் கணினி விழிக்காது. அதன்பின் வண்டியைச் சமதளத்தில் வழக்கமான உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு மூலையிலும் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தமும் தரையின் சரிவும் கணக்கில் கலந்துவிடும். மறுநாள் காலையில் அதே இடங்களை மறுபடி அளந்தால் கசியும் மூலை தானாகவே பிரிந்து தெரியும். எல்லா மூலைகளும் சில மில்லிமீட்டர் ஒரேபோல் தாழ்ந்திருந்தால் பதற வேண்டியதில்லை. மாலையில் 35 டிகிரி வெப்பத்தில் இருந்த காற்று விடியலில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் கன அளவு ஏறக்குறைய 3 விழுக்காடு சுருங்கும். அதற்கேற்ப வண்டியும் சற்று இறங்கும். அது கசிவு அன்று, இயற்பியல்.

ஒரு மூலை மட்டும் தாழ்கிறது என்று உறுதியான பிறகும் குற்றவாளி யார் என்பது முடிவாகவில்லை. பை கசியலாம், குழாய் கசியலாம், அந்த மூலைக்குரிய வால்வு சரியாக மூடாமல் காற்று பிளாக்குக்குள் திரும்பிச் செல்லலாம். இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. அந்த மூலைக்குப் போகும் 6 மில்லிமீட்டர் குழாயை, அதிலுள்ள காற்றை வெளியேற்றிய பின் பிளாக்கிலிருந்து உருவி, டயர் டியூப் வால்வு பொருத்திய இணைப்பான் ஒன்றில் செருகி, பம்பால் காற்றடித்து வண்டியை உயர்த்தி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையிலும் வண்டி நிமிர்ந்து நின்றால் பையும் குழாயும் நல்லவை, பழுது பிளாக்கில் உள்ளது. தாழ்ந்திருந்தால் பிளாக்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இத்தகைய நான்கு இணைப்பான்களை வண்டியிலேயே வைத்திருப்பது, நடுவழியில் அமைப்பு முடங்கினால் நான்கு பைகளுக்கும் கையால் காற்றடித்து வீடு வந்து சேரவும் உதவும். இந்த வண்டியை வைத்திருப்பவர் வாங்க வேண்டிய முதல் கருவி பழுதறியும் கணினியா, இந்த இணைப்பான்களா என்று கேட்டால், நான் இணைப்பான்களைத்தான் சொல்வேன்.

பைகளைப் பொறுத்தவரை, கண்ணால் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நைலான் இழை பொதிந்த ரப்பர் உறையான இந்தப் பை அடியில் உள்ள பிஸ்டனின் மேல் மடிந்து உருள்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் நின்று ஓசோனாலும் வெயிலாலும் காய்ந்த ரப்பர் அந்த மடிப்பில்தான் வெடிக்கிறது. அங்கே சேரும் மண்ணும் அதை அராவுகிறது. ஆனால் வழக்கமான உயரத்தில் வண்டி நிற்கும்போது அந்த மடிப்பு உட்புறமாக மறைந்திருக்கும். வண்டியை மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றி, சேஸிஸை ஸ்டாண்டுகளில் தாங்கவைத்த பிறகு, விளக்குப் பிடித்துப் பார்த்தால்தான் வெடிப்புகள் தெரியும். மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் இருப்பது மூப்பின் அடையாளம். இழை தெரியும் அளவுக்கு வெடிப்பு ஆழமாக இருந்தால் அந்தப் பையின் காலம் முடிந்துவிட்டது. வெடிப்பு குறிப்பிட்ட ஓர் உயரத்தில் மட்டும் விரிந்து கசிவதும் உண்டு. வழக்கமான உயரத்தில் சோப்புத்தண்ணீர் ஊற்றிப் பார்த்து 'நுரை வரவில்லை, பை நல்லது' என்று தீர்ப்பளிப்பது அதனால் அவசர முடிவாகிவிடும். தாழ்ந்த நிலை, நடுநிலை, உயர்ந்த நிலை ஆகிய மூன்றிலும் சோதித்தாக வேண்டும்.

பைகளை மாற்றும்போது ஒரே ஆக்சிலின் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒரே வயதுள்ள இரண்டில் ஒன்று போனால் மற்றதும் வெகுதொலைவில் இல்லை. வேலை கடினமன்று, கிளிப்புகளைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதை வைப்பதுதான். ஆனால் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது: காற்றழுத்தம் உள்ள எந்த இணைப்பையும் காற்றை முழுதாக வெளியேற்றாமல் பிரிக்கக் கூடாது, காற்றுப்பையை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது. இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட எடையைத் தாங்கும் காற்று ஒரு நொடியில் வெளியேறினால் நகர நேரமிருக்காது. ஜாக்கியையும் நம்பாமல் சேஸிஸின் அடியில் உறுதியான ஸ்டாண்டுகளை வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். புதுப் பையைப் பொருத்தியதும் அதில் காற்று நிரம்புவதற்கு முன் வண்டியின் எடையை அதன்மேல் இறக்கினால், ரப்பர் தாறுமாறாக மடிந்து நசுங்கி, புதுப் பையும் அன்றைக்கே கெட்டுவிடும். குழாயின் முனையைக் கூர்மையான கத்தியால் நேராக வெட்டிச் செருகுவது சிறு விஷயம்போலத் தோன்றலாம்; பழைய முனையில் பதிந்துள்ள கோடுகள் ஓ-ரிங்கை மீறிக் காற்றை விடுகின்றன என்பதால், பை மாற்றிய பிறகும் தொடரும் கசிவுகள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

வால்வு பிளாக் வேறு வகையான சிக்கல். உலோகத்தாலான அதன் உடல் கெடுவதில்லை. உள்ளிருக்கும் ஓ-ரிங்குகள்தான் இருபது ஆண்டு வெப்பத்தில் தட்டையாகி இறுகிப்போகின்றன. வட்டமாக இருக்க வேண்டிய ஓ-ரிங் சதுரமாகத் தட்டையாகியிருப்பதைப் பிரித்துப் பார்த்தவர் உடனே உணர்வார். ஒரு மூலை வால்வு மட்டும் கசிந்தால் அந்தக் காற்று எல்லா வால்வுகளுக்கும் பொதுவான பாதைக்குள் வருகிறது. அங்கிருந்து வெளியேற்றும் வால்வும் கசிந்தால்தான் வண்டி தாழும். இதனால் கசிவு சில நாள் தெரிவதும் சில நாள் மறைவதுமாக ஆளைக் குழப்பும். முழு ஓ-ரிங் தொகுப்பும் டயாஃப்ரமும் புதிய பிளாக்கின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கின்றன. பொறுமையும் சுத்தமான மேசையும் இருந்தால் ஒரு பிற்பகலில் முடியக்கூடிய வேலை இது. வயதான வண்டியில் இதைப் பழுது வந்த பிறகல்ல, வருமுன்பே செய்துவிடுவதுதான் சிக்கனம் என்பது என் கருத்து. டயாஃப்ரம் கெட்டிருப்பதை அறிவது எளிது: கம்ப்ரஸர் ஓடும்போதே வெளியேற்றும் வழியில் காற்று சீறிக்கொண்டிருந்தால், உள்ளே போக வேண்டியது வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பிளாக்கைப் பிரிக்கும்போது வெள்ளைத் தூள் காணப்பட்டால் அதைத் துடைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. உலர்த்திக்குள் இருக்கும் மணிகள் பொடிந்து வந்திருக்கின்றன. வெளியேறும் காற்று அதே உலர்த்தியின் வழியாகத் திரும்பிச் சென்று, அது உறிஞ்சிய ஈரத்தைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் ஏற்பாடு. கசிவால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, காற்றெல்லாம் முறையான வழியில் வெளியேறாமல் கசிவின் வழியாகவே போய்விட்டால், உலர்த்தி காய்வதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. ஈரம் தேங்கி மணிகள் பொடிந்து, அந்தப் பொடி வால்வுகளில் படிந்து, வால்வுகள் மேலும் கசிகின்றன. குளிர்நாடுகளில் அதே ஈரம் குழாய்களில் உறைந்து அடைப்பதும் உண்டு.

இதற்கெல்லாம் பிறகுதான் கம்ப்ரஸருக்கு வர வேண்டும். காலியான டேங்கை நல்ல கம்ப்ரஸர் சுமார் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடும். அரை மணி ஓடியும் நிரம்பவில்லை என்றாலோ, இடையில் சூடேறி வெப்பக்காப்புச் சுவிட்சால் நின்று நின்று ஓடினாலோ, பிஸ்டனின் சீல் வளையம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த வளையத்தை மட்டும் மாற்றும் தொகுப்புகள் கிடைக்கின்றன. சிலிண்டர் சுவரில் கீறல் இல்லாவிட்டால் கம்ப்ரஸருக்கு மறுவாழ்வு உண்டு. கம்ப்ரஸர் அறவே ஓடாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, அழுத்தச் சுவிட்ச், அதற்குச் செல்லும் மின்கம்பி என்ற வரிசையில் பார்த்த பின்னரே அதைக் குற்றம் சொல்ல வேண்டும். அதன் முனைகளில் நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

காற்றோடு தொடர்பே இல்லாத பழுதுகளும் இதே எச்சரிக்கையைக் கொண்டுவரும். உயரச் சென்சார்கள் பழைய ரேடியோவின் ஒலிக்குமிழைப் போன்ற மாறுமின்தடைகள். வண்டி பெரும்பாலும் ஒரே உயரத்தில் ஓடுவதால் அந்த ஓரிடத்தில் மட்டும் தடம் தேய்ந்து, அங்கே வரும்போது சென்சார் தவறான மதிப்பைச் சொல்லும். கையால் நெம்புகோலை மெல்ல அசைத்தபடி மின்னழுத்தம் சீராக ஏறி இறங்குகிறதா, இடையில் துள்ளுகிறதா என்று மீட்டரில் பார்த்தால் போதும். இதைவிட விந்தையானது கதவு. கதவு திறந்திருக்கும்போது வண்டி உயரத்தை மாற்றக் கூடாது என்று கணினிக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கதவுப் பூட்டுக்குள் உள்ள நுண்சுவிட்ச் கெட்டுப்போய், மூடிய கதவைத் திறந்ததாகச் சொன்னால் வண்டி அசையாமல் நிற்கும். உட்கூரை விளக்கு அணையாமல் இருப்பதைக் கவனிக்காமல் வால்வு பிளாக்கைப் பிரிப்பவருக்கு அங்கே எதுவும் கிடைக்காது.

கணினி பழுதைக் கடுமையானது என்று முடிவுசெய்துவிட்டால் வண்டி, முழுதும் தாழும்போது ஆக்சிலில் இடிக்காமல் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர்களின் மேல் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று எச்சரிக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அந்த நினைவு அழியாது. அந்நாளில் விற்பனையாளரின் டெஸ்ட்புக் கருவியால் மட்டுமே அழிக்க முடிந்ததை, இன்று ஆர்வலர்கள் எழுதிய இலவச மென்பொருளும் ஒரு கேபிளும் செய்துவிடுகின்றன. இது வரமும்தான், சோதனையும்தான். காரணத்தைத் தேடாமல் அழித்து அழித்து ஓட்டுவது எளிதாகிவிட்டது. பதிவான குறியீடு 'வண்டி உயர நேரமாகிறது' என்பதுபோல விளைவைத்தான் சொல்கிறது. ஏன் நேரமாகிறது என்பதைக் கணினி அறியாது. குறியீட்டை முதலில் படித்து எழுதிக்கொண்டு, பழுதை நீக்கிய பின் அழிப்பதே முறை. சென்சாரையோ கணினியையோ மாற்றியிருந்தால், அளந்து வெட்டிய கட்டைகளை ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே வைத்து ஒவ்வொரு உயரத்துக்கும் மதிப்புகளைப் புதிதாகப் பதிய வேண்டும்.

பின்வந்த வண்டிகளில் தத்துவம் இதுவே, செலவுதான் வேறு. 2004இல் வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3இல் காற்றுப்பையும் ஷாக் அப்சார்பரும் ஒரே உறுப்பாக இணைந்திருப்பதால், ரப்பர் போனால் நல்ல ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்ற நேர்கிறது. அதில் முதலில் வந்த ஹிட்டாச்சி கம்ப்ரஸருக்குப் பதிலாகப் பின்னர் ஏஎம்கே நிறுவனத்தின் கம்ப்ரஸர் வந்தது. பழைய வண்டியில் புதிய வகையைப் பொருத்தும்போது மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். பி38ஏயில் பையும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருப்பது, வீட்டு முற்றத்தில் பழுதுபார்ப்பவருக்குப் பெரிய சலுகை.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று காற்றுப்பைகளை எடுத்துவிட்டுக் கம்பிச்சுருள் ஸ்பிரிங் பொருத்திவிடுவோர் ஏராளம். அதற்கான தொகுப்புகள் நெடுங்காலமாக விற்பனையில் உள்ளன. தொலைதூரப் பாலைவனப் பயணங்களுக்கு வண்டியைத் தயார் செய்பவருக்கு அது நியாயமான முடிவுதான். மற்றவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். பாரம் ஏற்றினாலும் மட்டம் மாறாமல் நிற்பது, நெடுஞ்சாலையில் தானே தாழ்வது, மேடுபள்ளத்தில் உயர்த்திக்கொள்ள முடிவது ஆகிய மூன்றும் போய்விட்டால் எஞ்சுவது கனமான, எரிபொருள் அதிகம் குடிக்கும் ஒரு பழைய வண்டிதான். தவிர, நான்கு பைகள், ஓ-ரிங் தொகுப்பு, பிஸ்டன் வளையம் ஆகியவற்றின் மொத்தச் செலவு ஒரு தரமான மாற்றுத் தொகுப்பின் விலையிலிருந்து வெகுவாக விலகி நிற்பதில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், கழற்றிய கம்ப்ரஸர் பெட்டியையும் சென்சார்களையும் பழைய இரும்புக்குப் போடாமல் எடுத்து வைப்பது நல்லது. பின்னாளில் வண்டியை வாங்க வருபவர் அவற்றைக் கேட்பார்.